முடி கொட்டும்போது சாப்பாட்டில் எதை முதலில் சரிசெய்வது: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

முடி கொட்டத் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் முதலில் ஓடுவது மருந்துக்கடைக்கு. பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் மாத்திரையை வாங்கி இரண்டு மாதம் விழுங்கிவிட்டு, பலனில்லை என்று அடுத்ததற்குத் தாவுகிறார்கள். மாத்திரையைவிடப் பெரிய கோளாறு வரிசையில் இருக்கிறது: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய தகவலைத் தரும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சின்ன நோட்டு ஒன்று, போன் கேமரா, சமையலறைத் தராசு. தராசு இல்லையென்றால் அரிசி, பருப்பு அளக்கும் ஆழாக்கு போதும். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் இருந்தால் எடுத்து வையுங்கள். இப்போது தினமும் விழுங்கும் மாத்திரைகள், சத்துப் பொடிகள் அத்தனையையும் நோட்டில் எழுதுங்கள்.

முதல் நாளே படம் எடுத்துவிடுங்கள். தலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், நடு வகிடு எடுத்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே நின்று, மேலிருந்து ஒன்று, இரு நெற்றியோரமும் ஒவ்வொன்று. அடுத்த மாதமும் அதே ஜன்னல், அதே நேரம், அதே வகிடு. எண்ணெய் தேய்த்த தலையிலும் ஈரத் தலையிலும் முடி ஒட்டிக்கொண்டு வகிடு அகலமாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

2. கொட்டிய முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

சீப்பில் சிக்கிய முடிகளில் பத்தை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். கருப்பு முடி வெள்ளைத் தாளில்தான் தெளிவாகத் தெரியும். நுனியில் கடுகைவிடச் சிறிய வெள்ளை முனை இருந்தால் அது வேரோடு வந்த முடி. வளர்ந்து, ஓய்வெடுத்து, காலம் முடிந்து விழுந்தது. வெள்ளை முனை இல்லாமல் இரு பக்கமும் வெட்டிய மாதிரி இருந்தால் அது நடுவில் ஒடிந்த முடி.

ஒடிந்த முடிக்குச் சாப்பாட்டைத் திருத்தி உடனே பலன் காண முடியாது. ஈரத்தில் சீவுவது, ஸ்ட்ரெயிட்னிங், கலரிங், இறுக்கிப் பின்னுவது ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள். தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. நீங்கள் சாப்பிடும் எதுவும் அதற்குள் போகாது. சாப்பாடு எட்டுவது தோலுக்குள் இருக்கும் வேருக்கு மட்டும்தான்.

எத்தனை கொட்டுகிறது என்பதை ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் முடி உள்ள தலையில் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. வாரம் இருமுறை மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு, விழாமல் சிக்கியிருந்த மூன்று நாள் முடியும் அன்று சேர்ந்து வரும். குளியலறைச் சாக்கடை வாயில் அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. வாரக் கணக்கில் பாருங்கள்.

எந்த இடத்தில் குறைகிறது என்பதையும் எழுதுங்கள். தலை முழுக்கச் சமமாக அடர்த்தி குறைந்தால் சத்துக்குறை, காய்ச்சல், தைராய்டு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் ஏறிக்கொண்டே போவதும், பெண்களுக்கு வகிடு மட்டும் அகன்றுகொண்டே போவதும் பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் சார்ந்தவை. காசு அளவுக்கு வட்டமாக வழுவழுவென்று சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை, உடலின் எதிர்ப்பு சக்தியே வேரைத் தாக்குவது. இவற்றுக்குச் சாப்பாடு துணை செய்யுமே தவிர மருந்தாகாது.

3. மூன்று மாதம் பின்னோக்கி எண்ணுங்கள்

உடலுக்கு அடி விழும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் வேர்களில் ஒரு பங்கு மொத்தமாக ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு இரண்டு மூன்று மாதம் நீளும். அது முடிந்த பிறகுதான் முடி கொத்துக் கொத்தாக வரும். ஆகவே போன வாரம் மாற்றிய ஷாம்பூவையும் தண்ணீரையும் திட்டாதீர்கள். காலண்டரை எடுத்து மூன்று மாதம் பின்னால் போங்கள்.

டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, அதிக ரத்தப்போக்கு, பட்டினி டயட், புதிதாகத் தொடங்கிய அல்லது நிறுத்திய மாத்திரை: இவற்றில் ஏதாவது அங்கே நிற்கிறதா? நின்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். ஒரே தடவை வந்துபோன காரணமாக இருந்தால் முடி தானாகவே மீளும். சாப்பாட்டில் குறை வைக்காமல் இருந்தால் போதும்.

பிரசவத்துக்கு இரண்டு முதல் நான்கு மாதத்துக்குப் பிறகு கொட்டுவதும் இந்த வகைதான். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பத்தியம் என்ற பெயரில் பருப்பு வாயு, கீரை மந்தம், தயிர் சளி என்று ஒவ்வொன்றாய்த் தட்டிலிருந்து எடுத்துவிடும் வீடுகள் உண்டு. அங்கே தானாக மீள வேண்டிய முடியும் மீளாது. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் இருக்கட்டும், அவற்றோடு பருப்பும் கீரையும் முட்டையும் இருக்க வேண்டும்.

4. மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் மிகப் பெரிய தவறு. இரும்பு மாத்திரை தொடங்கிவிட்டுப் பரிசோதித்தால் உண்மையான இருப்பு தெரியாது. டாக்டரிடம் கேட்டு எடுக்க வேண்டியவை: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), வைட்டமின் பி12, வைட்டமின் டி.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் கைச்செலவுப் பணம் மாதிரி, ஃபெரிட்டின் வங்கி இருப்பு. கையில் பணம் புழங்கும்போதே வங்கி காலியாகிவிடலாம். ஹீமோகுளோபின் 12.4 இருக்கும், ஃபெரிட்டின் 9 இருக்கும். ‘ரத்தம் நார்மல்’ என்று அனுப்பிவிடுவார்கள், முடி கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முடி விஷயத்தில் அதை 30, 40க்கு மேல் வைத்திருக்கப் பார்க்கும் தோல் மருத்துவர்கள் பலர்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. காய்ச்சலும் அழற்சியும் ஃபெரிட்டினைப் பொய்யாக உயர்த்திக் காட்டும், ஆகவே உடம்பு தேறிய பிறகு எடுங்கள். இரண்டாவது பயோட்டின். அது தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் அது குழப்பும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லி, பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

ரத்த அணுக்களின் அளவு சிறியது என்று சீட்டில் வந்து, ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருந்தால், அது தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணுவைச் சுமப்பதாலும் இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு மாத்திரை வேண்டியிருக்காது. சீட்டைப் பார்த்து மாத்திரையை முடிவு செய்வதற்குக் காரணம் இதுதான்.

5. முதலில் வயிறு நிறையட்டும்

மொத்தச் சாப்பாடே போதாதபோது இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிப் பேசிப் பயனில்லை. உடல் பற்றாக்குறையை உணர்ந்தால் இதயம், மூளை என்று முக்கியமானவற்றுக்குப் பங்கு வைக்கும். முடி கடைசி வரிசையில் நிற்கிறது, அதன் பங்கைத்தான் முதலில் வெட்டும்.

எடை குறைக்க வேண்டும் என்றால் மாதத்துக்கு 2 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். கல்யாணத்துக்கு முன் ஆறு வாரம் காலையில் ஜூஸ், இரவில் சாலட் என்று 8 கிலோ குறைத்தவர்களுக்கு, கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் முடி கொட்டும். மாமியார் வீட்டுத் தண்ணீர்மேல் பழி விழும்.

6. புரதத்தைக் கூட்டிப் பாருங்கள், ஊகிக்காதீர்கள்

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம். இனி நம் வீட்டுச் சாதாரண நாளைக் கூட்டிப் பார்ப்போம்.

காலை 3 இட்லி 6 கிராம், சாம்பார் 2, காபி 3. மதியம் 100 கிராம் அரிசிச் சாதம் 8, சாம்பாரும் ரசமும் 3, பொரியல் 2, மோர் 1. மாலை டீயும் இரண்டு பிஸ்கட்டும் 2. இரவு 2 தோசையும் சட்னியும் 6. மொத்தம் 33. வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் 13 கிராம் குறைகிறது. சாம்பார் என்பது பெரும்பாலும் தண்ணீர். கரண்டி அடியில் தங்கும் பருப்பு யார் தட்டில் விழுகிறது என்று கவனித்தால், வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் கணக்கு இதைவிடக் குறைவாகவே வரும்.

இந்த 13 கிராமை அடைப்பது கஷ்டமில்லை. ஒரு முட்டை 6 கிராம். 30 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் 6. 30 கிராம் வேர்க்கடலை 7. 25 கிராம் மீல்மேக்கர் 13. 200 மில்லி பால் 6. மீன் அல்லது கோழிக்கறி 100 கிராம் 20. மாலை பிஸ்கட்டை எடுத்துவிட்டுச் சுண்டல் வைத்து, காலையில் ஒரு முட்டையும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும்.

பருப்பை இரவுக்கு மட்டும் ஒதுக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்து வையுங்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது, இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால்தான் புரதம் முழுமையாகும். முட்டையை வேகவைத்தே சாப்பிடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் படியை டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

7. இரும்பு: எவ்வளவு என்பதைவிட எதோடு என்பது முக்கியம்

பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19 என்பது ஐசிஎம்ஆர் பரிந்துரை. மாதவிடாயில் போகும் ரத்தம்தான் வித்தியாசத்துக்குக் காரணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே பெண்களுக்கு முடி கொட்டினால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பீட்ரூட்டும் மாதுளையும் ரத்த நிறத்தில் இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது, 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. கம்பு 100 கிராமில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் இருக்கிறது. கொள்ளு, கருப்பு எள், கீரைகள், சுண்டல் வகைகள் இவற்றை நம்பலாம். அசைவத்தில் ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) ஈரலும் முதலிடம், அதிலுள்ள இரும்பை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஈரல் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், அது மிஞ்சினாலே முடி கொட்டும். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும்.

செடியிலிருந்து வரும் இரும்பில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். அந்தப் பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் தட்டில் கூட இருப்பவை.

கூட்டுவது வைட்டமின் சி. கீரையை இறக்கிவைத்த பிறகு அரை எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் சூட்டில் சி வீணாகும், கசப்பும் ஏறும். சுண்டலில் பச்சை மாங்காய் துருவிப் போடுவதை ருசிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டதும் அரைக் கொய்யா அல்லது ஒரு பச்சை நெல்லிக்காய் போதும். நெல்லிக்காயைத் தொக்காக வதக்கினால் ருசி இருக்கும், சி குறைந்துவிடும்.

குறைப்பது டீயும் காபியும். அவற்றில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். இட்லி சாப்பிட்ட கையோடு காபி என்பதுதான் நம் பழக்கம், மாற்றக் கஷ்டமானதும் அதுதான். காபியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி வையுங்கள். இந்தக் குறிப்புகளில் காசு செலவில்லாமல் செய்யக்கூடியதும் அதிகம் மீறப்படுவதும் இதுவே.

பயறு, கடலை, கம்பு இவற்றின் தோலில் உள்ள ஃபைட்டேட்டும் இரும்பைத் தடுக்கும். இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், முடிந்தால் முளைகட்டுங்கள். மாவைப் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறையும். இரவே கரைத்துப் புளிக்கவைத்த கம்பங்கூழ் அந்த வகையில் உடனடிக் கஞ்சியைவிட மேல்.

புளிக்குழம்பை இரும்பு வாணலியில் வைத்தால் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும், புளிப்புதான் அதை இழுக்கிறது. வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரவு முழுக்க வாணலியிலேயே விட்டால் குழம்பு கருத்து, வாயில் துருச் சுவை அடிக்கும்.

டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அட்டையில் அச்சடித்த எண்ணை இரும்பின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 200 மில்லிகிராம் உலர் ஃபெரஸ் சல்பேட்டில் இரும்பு 65 மில்லிகிராம்தான். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக்கூடாது, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் மாத்திரையை நிறுத்திவிடாமல், சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாமா, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுவது அடுத்த தவறு. சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் மூன்று மாதம் ஆகும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மிட்டாய் என்று தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எல்லாம் செய்தும் இரும்பு ஏறவில்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. அதிக மாதவிடாய், மூலம், குடல் புண், கொக்கிப்புழு: இவற்றை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

8. பி12, டி, துத்தநாகம்

பி12 நம்பகமான அளவில் கிடைப்பது அசைவத்திலும் முட்டையிலும் பாலிலும்தான். பாலும் தயிரும் குறைவாகச் சாப்பிடும் சைவர்கள், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் ஆகிய இருவரும் இதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

வைட்டமின் டிக்கு முகமும் கையும் வெயிலில் படட்டும், காலை 11க்கும் மாலை 3க்கும் இடையே 15 முதல் 30 நிமிடம். 60,000 யூனிட் பாக்கெட்டை டாக்டர் சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு.

துத்தநாகம் எள், பூசணி விதை, கடலை, இறைச்சியில் கிடைக்கும். மாத்திரையாக நீண்ட நாள் அதிகம் எடுத்தால் தாமிரம் குறைந்து, வேறொரு ரத்தசோகை வரும்.

9. பயோட்டின், கருவேப்பிலை

சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்குப் பயோட்டின் குறைவு அரிது. குறையாததை நிரப்ப முடியாது. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் முடியைக் கொட்டவே வைக்கும், ஆகவே இரண்டு மூன்று ‘ஹேர்’ மாத்திரைகளை ஒன்றாக எடுத்தால் லேபிளை வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

கருவேப்பிலை நல்ல இலை, ஆனால் தனியாக முடியை வளர்த்துவிடாது. தட்டோரம் ஒதுக்காமல் தின்றால் அதுவே லாபம். நிழலில் உலர்த்தி உளுந்து, எள், மிளகாயோடு பொடித்து, சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்து சாப்பிடலாம். அந்தப் பொடியில் புரதமும் இரும்பும் அதிகம் தருவது உளுந்தும் எள்ளும்தான், பெயரைத் தட்டிச்செல்வது கருவேப்பிலை.

10. எத்தனை நாள், எதை வைத்து அளப்பது

இன்று சாப்பாட்டைத் திருத்தினாலும், ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்தே தீரும். முதல் ஆறு எட்டு வாரம் மாற்றமே தெரியாது. பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாம் மாதம் கொட்டுவது குறையத் தொடங்கும். நெற்றியோரத்திலும் வகிட்டிலும் குத்திட்டு நிற்கும் குட்டை முடிகள் தெரியும். அவற்றின் நுனி மெல்லிதாகக் கூர்ந்திருந்தால் புது முடி, மொட்டையாக இருந்தால் ஒடிந்தது. முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும், ஆகவே பின்னலின் கனம் கூடியதாகத் தோன்ற ஒரு வருடமாவது ஆகும். ஃபெரிட்டினை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், அதற்கு முன் பார்ப்பது காசுக்குக் கேடு.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். புரதமும் காபி இடைவெளியும் முதல் வாரம், கீரையும் எலுமிச்சையும் இரண்டாம் வாரம் என்று ஏற்றினால் நிலைக்கும்.

11. எப்போது உடனே டாக்டரிடம் போவது

வட்டமாகச் சொட்டை விழுந்தால், தலைத்தோல் சிவந்து வலித்தால் அல்லது சீழ் வைத்தால், புருவமும் சேர்ந்து கொட்டினால். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போய் முகத்தில் முடி முளைத்தால். முயற்சி செய்யாமலே எடை குறைந்தால். ரத்தமும் புரதமும் சரியாக இருந்தும் ஆறு மாதம் தாண்டிக் கொட்டினால். பரம்பரைச் சொட்டைக்கு மருந்துகள் உண்டு, வேர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கினால்தான் பலன் அதிகம். கொள்ளு ரசம் குடித்துக்கொண்டே இரண்டு வருடம் காத்திருந்தால் அந்தக் காலம் கைநழுவிப் போய்விடும்.